மாயமற்ற விசுவாசம்: அந்தியோகியாப் பந்தியும் நமது அன்றாட ஒழுக்கமும்

ஒருவருடைய விசுவாசம் மெய்யானதா, போலியானதா என்று எதைக்கொண்டு அறிவது? இவ்வினாவிற்கு நம் சபைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை உள்ளத்து உணர்ச்சியைச் சார்ந்ததாகவே இருக்கிறது. கண்ணீரோடு ஜெபிப்பவர், உருக்கத்தோடு பாடுபவர், தாம் மனந்திரும்பிய நாளையும் நேரத்தையும் தயங்காமல் எடுத்துரைப்பவர் ஆகியோரை ஐயமின்றி உண்மை விசுவாசிகள் எனக் கொள்கிறோம். இறைப்பணிக்கு மாணவரைத் தெரிந்தெடுக்கும்போதும், அழைப்பின் அனுபவத்தை விரிவாகச் சொல்லும்படி கேட்கிறோமேயன்றி, அவ்விளைஞர் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவர்தாமா என்று அவர் வாழும் தெருவில் விசாரிப்பது அரிது. உணர்ச்சியை நாம் இகழவில்லை. அது இல்லாத சமயம் வறண்ட சமயம். ஆயினும் விசுவாசத்தின் மெய்ம்மையைச் சோதிக்கும் உரைகல்லாகப் புதிய ஏற்பாடு உணர்ச்சியைக் கொள்ளவில்லை என்பதை இக்கட்டுரையில் ஒரு சொல்லின் வழியாகவும் ஒரு நிகழ்ச்சியின் வழியாகவும் ஆராய முற்படுகிறோம்.

ஒரு சொல்லின் வரலாறு

'மாயமற்ற' என நமது பழைய மொழிபெயர்ப்பில் வழங்கும் சொல் கிரேக்கத்தில் 'அனுப்பொக்ரிட்டோஸ்' என்பதாகும். புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஆறு இடங்களில் மட்டுமே வருகிறது. இருமுறை அன்புக்கும் (ரோமர் 12:9, 2 கொரி. 6:6), இருமுறை விசுவாசத்திற்கும் (1 தீமோ. 1:5, 2 தீமோ. 1:5), ஒருமுறை பரத்திலிருந்து வரும் ஞானத்திற்கும் (யாக். 3:17), ஒருமுறை சகோதர சிநேகத்திற்கும் (1 பேதுரு 1:22) அடைமொழியாக நிற்கிறது. ஆறில் மூன்று இடங்களில் அது அன்பைச் சிறப்பிக்கிறது என்பது கவனிக்கற்பாலது. அன்பு இருவருக்கிடையே நிகழ்வது. தனியறையில் அமர்ந்து தன் நெஞ்சைத் தடவிப் பார்த்து அறியக்கூடியதன்று. விசுவாசத்திற்கு அதே அடைமொழி வரும் 1 தீமோத்தேயு முதல் அதிகாரத்திலும், போதனையின் நோக்கம் அன்பே என்றும், அவ்வன்பு தூய இருதயம், நல்மனச்சாட்சி, மாயமற்ற விசுவாசம் ஆகிய மூன்றிலிருந்தும் பிறக்கிறது என்றும் ஆக்கியோன் கூறுகிறார்.

இதன் எதிர்ச்சொல்லான 'ஹுப்பொக்ரிட்டேஸ்' கிரேக்க நாடக மேடைக்குரியது. முகமூடி அணிந்து வேறொருவராக நின்று பேசும் நடிகரைக் குறித்தது. அதில் முதலில் இகழ்ச்சிப் பொருள் இல்லை. ஏதென்ஸ் நகரத்துச் சொற்பொழிவாளர் தெமொஸ்தெனேஸ், தம் அரசியல் எதிரியான எஸ்கினேஸ் முன்னொரு காலத்தில் நடிகராயிருந்ததை எடுத்துக்காட்டி எள்ளி நகையாடியதை நாம் அறிவோம்; அங்குங்கூட இகழப்படுவது அவருடைய தொழிலே. நாலு சுவிசேஷங்களுள் முதல் மூன்றில் மட்டுமே இச்சொல் காணப்படுகிறது; அங்கெல்லாம் அதைச் சொல்பவர் இயேசு ஒருவரே. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் தருமம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றும் பார்வையாளர் முன்னிலையில் நடத்தப்படும் நாடகமாக மாறுவதை அவர் கண்டிக்கிறார்.

ஆனால் மேடையை மட்டும் நினைத்தால் இச்சொல்லின் பாதிப் பொருளே நமக்குக் கிட்டும். கிரேக்கம் பேசிய யூதரிடையே அது மேலும் கடுமையான பொருளைப் பெற்றிருந்தது. யோபு நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில் (34:30; 36:13), 'தேவபக்தியற்றவன்' எனப் பொருள்படும் எபிரெயச் சொல்லுக்கு நேராக இச்சொல்லே வழங்குகிறது. இதனினும் தெளிவான சான்று சுவிசேஷங்களிலேயே உண்டு. எசமான் வரத் தாமதிக்கும்போது உடன் வேலைக்காரரை அடித்து, வெறியரோடு உண்டு குடிக்கும் ஊழியக்காரனின் உவமையை மத்தேயுவும் லூக்காவும் தருகின்றனர். அவனுக்கு நேரும் முடிவைக் கூறுகையில், அவன் பங்கு மாயக்காரரோடு என்கிறார் மத்தேயு (24:51). அதே இடத்தில் லூக்கா வழங்கும் சொல்லோ 'விசுவாசமற்றவர்' என்பது (12:46). ஒருவர் மாயம் என்றதை மற்றவர் அவிசுவாசம் என்கிறார். அவ்வூழியக்காரனின் குற்றம் யாது? எசமானைப் பற்றிய தவறான கோட்பாடு எதுவும் அவனிடம் இல்லை. எசமான் வருவார் என்று அவன் அறிந்தேயிருந்தான். தன் கைக்குள் அகப்பட்ட வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அவன் நடத்திய விதமே அவனை விசுவாசமற்றவனாக்கிற்று.

தமிழில் 'மாயம்' என்ற சொல் நம் செவிக்கு வேறு சில ஒலிகளையும் கொண்டுவருகிறது. சைவ சித்தாந்தம் கூறும் மும்மலங்களுள் ஒன்றாகிய மாயையையோ, கண்கட்டு வித்தை செய்பவனையோ அது நினைவூட்டக் கூடும். 'மாயக்காரர்' என்பதைக் கேட்கும் கிராமத்துச் சபையார் மந்திரவாதியை எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்று மொழிபெயர்த்தது. கூத்தின் வேடத்தை நம் மக்கள் அறிந்தவர்களாதலால் இது மூலத்தின் மேடைப் பொருளுக்கு மிக நெருங்கியது. இந்நோய் நம் நாட்டார் அறியாததும் அன்று. திருக்குறளில் கூடாவொழுக்கம் என்றே ஓர் அதிகாரம் உண்டு. துறவியின் கோலத்தில் மறைந்து நிற்கும் வஞ்சகத்தை அது எத்தனை உவமைகளால் காட்டுகிறது என்பதை அருளுரை ஆயத்தம் செய்வோர் அறிவர்.

இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. 'சின்சியர்' என்னும் ஆங்கிலச் சொல் 'மெழுகு இல்லாதது' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து வந்ததென்றும், பண்டைக் காலத்துச் சிற்பிகள் சலவைக்கல்லின் வெடிப்புகளை மெழுகினால் மறைத்து விற்றனர் என்றும் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கூறப்படுகிறது. சுவையான கதைதான். ஆனால் சொற்பிறப்பு ஆராய்ச்சியாளர் இதை ஏற்பதில்லை. உண்மையைப் பற்றிய பிரசங்கத்தை மெய்ப்பிக்கப்படாத கதையின்மேல் கட்டுவது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது!

அந்தியோகியாவில் நடந்தது

பவுல் தம் நிருபங்களில் 'மாயம்' என்ற குற்றச்சாட்டை, பெயர் குறிப்பிட்டு, நடந்த நிகழ்ச்சியொன்றின்மேல் சுமத்துவது ஓரிடத்தில்தான். அதுவும் மிகப் பெரிய ஒருவர்மேல். கலாத்தியர் 2:11-14ஐ நாம் பலமுறை வாசித்திருப்பினும், அங்கே எது மாயம் எனப்பட்டது என்று நின்று கவனிப்பதில்லை.

நிகழ்ச்சி எளியது. பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாராயிருந்து விசுவாசிகளானவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தபின் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். மற்ற யூதக் கிறிஸ்தவரும் அவரைப் பின்பற்றினர். பர்னபாவும் இழுப்புண்டார். இவ்வளவே. பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுதலிக்கவில்லை. புறஜாதியாருக்கு இரட்சிப்பு இல்லை என்று போதிக்கவும் இல்லை. அவருடைய ஜெபத்தில் குறை கண்டவர் எவரும் இலர். அவர் செய்தது ஓர் இடத்திலிருந்து எழுந்து வேறோர் இடத்தில் அமர்ந்ததே. அதைத்தான் பவுல் மாயம் என்றார்.

பேதுரு நயவஞ்சகர் அல்லர் என்பதும் இங்கே முக்கியமானது. பிறரை ஏமாற்ற அவர் திட்டமிடவில்லை, அஞ்சினார். ஆகவே மாயம் என்பது எப்பொழுதும் கள்ள நோக்கத்திலிருந்து பிறப்பதன்று. நல்ல மனிதர், மெய்யான பக்தர், தம்மவர் என்ன சொல்வார்களோ என்னும் தயக்கத்தினால் அதற்குள் விழுகின்றனர். அவர்களை நோக்கி, 'உன் உள்ளத்தை ஆராய்ந்து பார்' என்று மட்டும் சொன்னால், அவர்கள் ஆராய்ந்து பார்த்துத் தங்கள் உள்ளத்தில் குற்றமில்லை என்றே கூறுவர். பவுலோ பேதுருவின் உள்ளத்தை விசாரிக்கவில்லை, கால்களை நோக்கினார். 'நேராய் நடவாமை' என்று நாம் பெயர்க்கும் கிரேக்க வினை, கால் என்னும் சொல்லை உள்ளடக்கியது. யூதர் தங்கள் ஒழுக்கச் சட்டத்தை 'நடத்தல்' என்னும் பொருளுடைய 'ஹலாகா' என்ற சொல்லால் அழைத்தனர். நாமும் நட என்பதிலிருந்து நடத்தை என்றும், ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம் என்றும் சொல்கிறோம்.

பேதுரு எழுந்து சென்றபின் அப்பந்தியில் எஞ்சியிருந்தவர்கள் யாவர் என்று வேதபாட வகுப்புகளில் நாம் கேட்பதில்லை. நேற்றுவரை தங்களோடு உண்ட அப்போஸ்தலன் இன்று வேறிடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்ட அப்புறஜாதி விசுவாசிகளுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. தாங்கள் இரண்டாம் தரத்தார் என்பது ஒரு சொல்லும் சொல்லப்படாமலே அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் யூத முறைமைகளைக் கைக்கொள்ளும்படி பேதுரு அவர்களைக் கட்டாயப்படுத்துவதாகப் பவுல் குற்றஞ்சாட்டுவது இதனாலேயே. வாயினால் கட்டாயப்படுத்தவில்லை, விலகி அமர்ந்ததே கட்டாயமாயிற்று. தலைவனுடைய இருக்கை ஓர் உபதேசம். மாயத்தினால் வரும் தீங்கு மாயம்பண்ணுகிறவனுடைய ஆத்துமாவோடு நின்றுவிடுவதில்லை. அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் பந்தியில் விட்டுச் செல்லப்பட்டவர்கள்.

இதைவிட வியப்பானது அடுத்த வசனங்களில் உள்ளது. பேதுருவைக் கண்டித்த பவுல் விருந்தோம்பலைப் பற்றியோ பொது நாகரிகத்தைப் பற்றியோ பேசவில்லை. மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் அல்ல, கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்னும் உபதேசத்தை அவ்விடத்திலேயே எடுத்துரைக்கிறார் (2:16). சீர்திருத்தச் சபைகள் தங்கள் உயிர்நாடியெனப் போற்றும் கோட்பாடு இந்நிருபத்தில் முதன்முதலாக வெளிப்படுவது, யார் யாரோடு உண்பது என்ற வழக்கின் நடுவிலேயே. உபதேசம் வேறு, ஒழுக்கம் வேறு என்று நம் பாடத்திட்டங்கள் வகுத்துவைத்திருக்கும் பிரிவு பவுலுக்குத் தெரியாது. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவனோடு உண்ண மறுப்பவன், கிறிஸ்துவின் ஏற்பு போதாது என்று தன் கையினால் அறிக்கையிடுகிறான்.

நம் நாட்டுப் பந்திகள்

தமிழ்நாட்டுச் சபைகளின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்த அதிகாரத்தைப் பிற நாட்டாரின் கதையாக வாசிக்க இயலாது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்படவேண்டும் எனச் சுற்றுநிருபம் அனுப்பியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கொதித்தெழுந்தனர். சபையைவிட்டு நீங்கியவர்களும் உண்டு. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக ஒருவரோடொருவர் உண்ண வேண்டுமென்பதைச் சபை உறுப்பினர்க்கு நிபந்தனையாக்கியது. 1850இல் சென்னை மிஷனெரி மாநாடும் இதே நிலையை மேற்கொண்டது. லைப்சிக் லுத்தரன் மிஷனோ, சாதியைப் பெரும்பாலும் சமுதாய வழக்கமாகக் கருதி, அதைக் கட்டாயத்தால் அகற்றலாகாது என்றது. இருசாராரும் வேதத்தை எடுத்துக்காட்டினர். நம் கருத்தில், உணவையே சோதனையாக வைத்தவர்கள் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைச் சரியாக வாசித்தனர். சோதனையை நடத்திய முறையில் அன்பு எப்போதும் துலங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இச்சீர்திருத்தங்களை எதிர்த்து எழுதியவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் பாடல்களை நாம் இன்றும் பாடுகிறோம். அவருடைய பக்தியை ஐயுறுவார் எவருமில்லை. பேதுருவின் பக்தியைத்தான் யார் ஐயுற்றார்? ஆழ்ந்த பக்தியும் பந்தியில் விலகலும் ஒரே மனிதரிடத்தில் கூடி வாழக்கூடும் என்பதே இவ்வரலாறு நம்மை எதிர்நோக்கச் செய்யும் உண்மை.

மேல்நாட்டு ஊழியரும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற வே. ச. அசரியா, அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. மிஷனெரிகளின் தியாகத்தையும் ஈகையையும் அவர் மறுக்கவில்லை, நட்பையே கேட்டார். 1910இல் அவ்வவையில் பலரை அவ்வுரை புண்படுத்தியது. அந்தியோகியாவில் பவுல் முகமுகமாய் எதிர்த்து நின்றதும் கேட்க இனிமையாயிருந்திராது.

இன்று நம் சபைகளில் ஐக்கிய விருந்துகளில் எல்லாரும் ஒன்றாக அமர்கிறோம் என்பது உண்மையே. ஆயினும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் தனித்தனியே உள்ளன. திருமணப் பேச்சில் முதலில் கேட்கப்படும் கேள்வி எது என்பதை எந்தப் போதகரும் அறிவார். சபைத் தேர்தல்களில் வாக்குகள் எவ்வழியே எண்ணப்படுகின்றன என்பதும் இரகசியமன்று. ஆண்டுக்கொருமுறை நடக்கும் விருந்தில் ஒன்றாய் அமர்ந்து, மற்ற நாட்களில் பிரிந்து வாழ்வதற்கு நாம் பழகிக்கொண்டோம்.

ஆசீர்வாதமும் கூலியும்

விசுவாசமும் கிரியையும் பற்றிப் பேசும்போது யாக்கோபின் நிருபத்தைத் தவிர்க்க இயலாது. லுத்தர் 1522இல் தம் புதிய ஏற்பாட்டு முகவுரையில், மற்ற நிருபங்களோடு ஒப்பிடுகையில் இது வைக்கோல் போன்றது என்று எழுதியதை மாணவர் அனைவரும் அறிவர். பிந்திய பதிப்புகளில் அவ்வாசகம் விடப்பட்டதை அறிந்தவர் சிலரே. அதே ஆண்டில் ரோமர் நிருபத்திற்கு எழுதிய முகவுரையில், விசுவாசம் உயிரும் சுறுசுறுப்பும் உள்ளதென்றும், அது இடையறாது நன்மை செய்யாதிருக்க முடியாதென்றும் லுத்தரே வலியுறுத்துகிறார். பவுலுக்கும் யாக்கோபுக்குமிடையே உள்ள சிக்கலை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. பவுல் மறுக்கும் கிரியை தேவனுடைய தயவை விலைக்கு வாங்க முயல்வது. யாக்கோபு மறுக்கும் விசுவாசம் பேய்களுக்கும் உண்டு.

போதகராகிய நம்மைத் தைக்க வேண்டியது யாக்கோபு தரும் உதாரணம். வஸ்திரமும் அன்றைய ஆகாரமும் இல்லாத சகோதரனையோ சகோதரியையோ நோக்கி, சமாதானமாய்ப் போகும்படி கூறி அனுப்புவதையே செத்த விசுவாசத்திற்குச் சான்றாக அவர் காட்டுகிறார் (2:15-16). அது வசைச்சொல்லன்று, ஆசீர்வாதம். ஆராதனையின் முடிவில் கைகளை உயர்த்தி நாம் கூறுவதும் ஏறத்தாழ அதுவே. நல்ல சொற்களைச் சொல்லும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சொல்லிவிட்டதனாலேயே செய்துவிட்டதாக எண்ணும் மயக்கம் பிரசங்கிகளின் தனி நோய்.

இதே நிருபம் பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குப் பாதபடியண்டை இடமும் கொடுப்பதைச் சுட்டுகிறது (2:2-3). அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுவதாகவும் கூறுகிறது (5:4). இருக்கை, ஆகாரம், கூலி என அனைத்தும் அன்றாடப் பொருள்கள். பழைய ஏற்பாட்டிலும் இவ்வாறே. பிறனிடத்தில் அன்புகூரக் கட்டளையிடும் லேவியராகமம் 19ஆம் அதிகாரமே, கூலியாளின் கூலி விடியற்காலம்வரை நம்மிடம் தங்கலாகாது என்றும், தராசும் படியும் சரியாயிருக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்துத் தானியம் விற்கலாம் என்று காத்திருந்த வணிகரை ஆமோஸ் கடிந்தார் (8:5). அவர்கள் ஓய்வுநாளை மீறினவர்கள் அல்லர்; ஒழுங்காக ஆசரித்தவர்கள்!

சீர்திருத்தத் தந்தையர் இதை மறக்கவில்லை. லுத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் களவைப் பற்றிய கட்டளையை விளக்கும்போது, பூட்டை உடைக்கும் திருடனைவிடச் சந்தையில் கெட்ட சரக்கையும் கள்ள அளவையும் கொண்டு ஏமாற்றுபவர்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை, 110ஆம் வினாவில், பொய்யளவு, வஞ்சக வாணிபம், வட்டிக்கொடுமை ஆகியவற்றைக் களவென்றே தீர்க்கிறது. இவ்வினாவிடை பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை மனிதனின் அவலத்தைப் பற்றிய முதற்பகுதியில் வையாமல், நன்றியைப் பற்றிய மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறது. சரியான தராசு மீட்புக்கு விலையன்று, மீட்கப்பட்டவனின் நன்றி. ஜான் வெஸ்லி 1743இல் தம் சங்கத்தாருக்கு வகுத்த பொது விதிகள் இன்னும் நுணுக்கமானவை. தீர்வை செலுத்தாத சரக்கை வாங்குவதும் விற்பதும் கூடாது. திருப்பிக்கொடுக்க வழியில்லாமல் கடன் வாங்குதல் கூடாது. வாங்கும்போதும் விற்கும்போதும் அதிகம் பேசுதலும் கூடாது. பேரத்தில் பெருகும் சொற்களில் பொய்யும் பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். இருதயத்தில் பற்றியெரியும் பக்தியைப் போதித்தவரே தேயிலைக் கள்ளக்கடத்தலையும் கவனித்தார். எழுப்புதலின் வாரிசுகள் என்று கூறிக்கொள்வோர் அந்தப் பாதியை விட்டுவிட்டனர்.

இவற்றை நம் நடுவில் வைத்துப் பார்ப்போம். தனியார் நிருவாகத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் கையொப்பமிடும் ஊதியம் ஒன்று, கையில் பெறும் ஊதியம் வேறொன்று என்னும் வழக்கத்தை நாம் கேள்விப்படாதவர்கள் அல்லோம். அவற்றுள் காலைதோறும் ஜெபத்தோடு வேலை தொடங்குபவையும் உண்டு. வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேசி முடித்த தொகை ஊரறிந்ததாயிருந்தும், மூன்று ஞாயிறுகளில் தடையுண்டோ என்று கேட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பெரிய தொகை கூறியவரைப் பாராட்டுகிறோம். அவருடைய வயலில் உழைத்தவர்களுக்கு அந்த வாரத்துக் கூலி கொடுபட்டதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் பணியாளருக்குச் சபை கொடுக்கும் சம்பளத்தைக் கமிட்டியில் விவாதிக்க எத்தனை நிமிடம் செலவாகிறது?

இரண்டு ஆட்சேபங்கள்

ஒழுக்கத்தைக் கொண்டு விசுவாசத்தை அளந்தால், கிருபையை விட்டுக் கிரியைக்குத் திரும்புகிறோம் என்பர் சிலர். மென்மையான மனச்சாட்சியுள்ளோர் அவநம்பிக்கையில் விழுவர் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் பேதுருவுக்கு விசுவாசமே இல்லையென்று பவுல் சொல்லவில்லை என்பதைக் கருத வேண்டும். அவர் ஏற்கெனவே அறிந்திருந்த சுவிசேஷத்திற்கே அவரைத் திரும்ப அழைத்தார். மாயமற்ற விசுவாசம் குற்றமற்ற விசுவாசம் அன்று. கண்டிக்கப்படும்போது வேடத்தைக் களைய ஆயத்தமாயிருப்பது. தன் மனத்தை ஓயாமல் தோண்டிப் பார்த்து, நான் மெய்யாய் விசுவாசிக்கிறேனா என்று தவிக்கும் வாலிபனுக்கு, 'நீ கூலி கொடுக்க வேண்டியவன் யார்? யாரோடு பேசாதிருக்கிறாய்?' என்ற வினாக்கள் விடுதலையாகக்கூட அமையலாம். உணர்ச்சியை வரவழைக்க அவனால் இயலாது. கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்க இயலும்.

மற்றொரு சாரார், மனப்பூர்வமாகச் செய்தால் எதுவும் போதும் என்பர். திருமறை இதற்கும் இடங்கொடுப்பதில்லை. தமஸ்குவுக்குச் சென்ற சவுலைவிட மனப்பூர்வமானவர் யார்? அவர் சபையைத் துன்பப்படுத்தியது முழு வைராக்கியத்தோடு (பிலி. 3:6). மனச்சாட்சியும் கற்பிக்கப்பட வேண்டும். 1 தீமோத்தேயு நல்மனச்சாட்சியையும் விசுவாசத்தையும் இணைத்தே பேசுவதோடு, நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டதனால் சிலர் விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினர் என்று முறைமையையும் காட்டுகிறது (1:19). முதலில் ஐயம் வந்து, பின்னர் ஒழுக்கம் கெடுகிறதென்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். இங்கே வரிசை நேர்மாறானது. கணக்கில் செய்த சிறு புரட்டு முன்னே செல்ல, விசுவாசம் பின்னே மூழ்குகிறது. வைதிகமான கோட்பாட்டைக் கடைசிவரை உதட்டில் வைத்திருந்தே மூழ்கியவர்களும் உண்டு.

'விசுவாசம்' என்ற நம் சொல்லிலேயே இவ்வுண்மைக்கு ஓர் உதவி இருக்கிறது. கிரேக்கப் 'பிஸ்திஸ்' நம்புதலையும் நம்பத்தக்கவனாய் நிலைத்தலையும் ஒருங்கே குறிக்கும். எபிரெய 'எமூனா'வும் அவ்வாறே. மேலைமொழிகள் பலவற்றில் இவ்விரு பொருளும் பிரிந்துபோயின. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ, உண்ட வீட்டுக்கு விசுவாசமாயிருத்தல் என்கிறோம். எசமான விசுவாசம், நாயின் விசுவாசம், நன்றி விசுவாசம் என்கிறோம். படிப்பறியாத மூதாட்டியும் அதன் பொருளை அறிவாள். சபைக்கு வெளியே இவ்வளவு உயிரோடு வழங்கும் இப்பொருளைப் பிரசங்கத்தில் நாம் ஏன் பயன்படுத்துவதில்லை? தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும் தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும் குடியிருந்தது என்று வாசிக்கிறோம் (2 தீமோ. 1:5). குடியிருத்தல் வீட்டுக்குரிய சொல். பிள்ளைகள் முன்னிலையில் நெடுநாள் வேடம் போட இயலாது. அடுப்பங்கரையில் பேசும் பேச்சும் கோயிலில் பேசும் பேச்சும் ஒன்றா என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொள்வர். போதகரின் பிள்ளைகள் சபையைவிட்டு அகலும்போது உலகத்தின் கவர்ச்சியை மட்டும் நாம் குறைகூறுவது முழு விளக்கமாகாது.

சமாதானம் கூறுதலும் அதற்கு முந்திய கடமையும்

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தன் திருவிருந்து ஆராதனை முறைமையை வெளியிட்டபோது, சமாதானம் கூறுதலைக் கைகளினால் ஒருவருக்கொருவர் அளிக்கும் செயலாக மீண்டும் அமைத்தது. அப்பமும் ரசமும் கொண்டுவரப்படுவதற்கு முன்பே அது வைக்கப்பட்டுள்ளது. பலிபீடத்தண்டை காணிக்கையை விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை (மத். 5:23-24) இவ்வமைப்பு நினைவுறுத்துகிறது. நடைமுறையில், அருகிலிருப்பவருக்கே கை நீட்டுகிறோம். வரப்புத் தகராற்றில் வழக்காடும் இருவர் கோயிலில் அருகருகே அமர்வதில்லை. ஆதலால் அவர்களுடைய கைகள் ஒருபோதும் சந்திப்பதில்லை.

இதற்குப் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் ஒரு விதி உண்டு. 1662ஆம் ஆண்டுப் பதிப்பின் திருவிருந்து முறைமைக்கு முன்னே சிறு குறிப்பாக அச்சிடப்பட்டிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அயலானுக்குச் சொல்லாலோ செயலாலோ அநியாயம் செய்து சபைக்கு இடறலானவனைக் குருவானவர் அழைத்துப் பேசி, அவன் மனந்திரும்பியதை வெளிப்படையாகக் காட்டி, தான் அநியாயம் செய்தவனுக்கு ஈடு செய்யும்வரை, அல்லது ஈடு செய்ய உறுதிகொள்ளும்வரை, பந்திக்கு வரலாகாதென அறிவிக்க வேண்டும். பகையுள்ள இருவரில் ஒருவன் மனப்பூர்வமாக மன்னித்து, மற்றவன் இணங்காது பிடிவாதம் பண்ணினால், இணங்கியவனைச் சேர்த்துக்கொண்டு மற்றவனை நிறுத்த வேண்டும் என்றும் அது நுட்பமாக வகுக்கிறது. இவ்விதியை இன்று எழுத்தளவில் செயற்படுத்தினால் அது எளியவர்மேல் மட்டும் விழுந்து, செல்வாக்குள்ளவரைத் தொடாமல் போகக்கூடும். பந்தியையே கட்சிக்கு ஆயுதமாக்கும் அபாயமும் உண்டு. ஆனால் அது ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறது: போதகருக்குத் தம் மக்களின் வரப்பும் கடனும் கூலியும் தெரியும் என்று. அவற்றை ஞாயிறு காலையில் அங்கி அணிந்தபின் தெரிந்துகொள்ள முடியாது. வார நாட்களில் வீடு வீடாகச் சென்று, பலகையில் அமர்ந்து, கொடுப்பதை உண்டு அறிய வேண்டியவை அவை. எந்த வீடுகளில் உண்கிறோம், எந்த வீடுகளில் வாசலில் நின்றே ஜெபித்துத் திரும்புகிறோம் என்பதைச் சபையார் கவனித்துக்கொண்டே இருக்கின்றனர்.

பேதுரு அன்று மாலை மறுபடியும் அந்தப் பந்தியில் வந்து அமர்ந்தாரா என்பதைக் கலாத்தியர் நிருபம் கூறவில்லை.